ஓட்டக் குறிப்பேடு: கடிகாரம் எழுதாததை நீங்கள் எழுதுங்கள்

அரை மாரத்தானுக்குப் பயிற்சி தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது ஷூவைப் பற்றித்தான். எந்த ஷூ சரி என்பது ஆளுக்கு ஆள், காலுக்குக் கால் மாறும். யார் கேட்டாலும் மாறாமல் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வையுங்கள். 21.0975 கிலோமீட்டர் ஓடுவதற்கு உடம்பு தயாராகச் சில மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் உங்களுக்கு என்ன நடந்தது என்பதை நினைவு சரியாக வைத்திருக்காது. நோட்டு வைத்திருக்கும்.

"தூரம், நேரம், பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்), இதயத் துடிப்பு எல்லாவற்றையும் ஜிபிஎஸ் கடிகாரமே பதிந்துவிடுகிறதே, பிறகு எதற்கு இது?" என்று உடனே கேட்பார்கள். கடிகாரம் பதியட்டும், நல்லது. ஆனால் முந்தைய இரவு குழந்தைக்குக் காய்ச்சல் என்று நீங்கள் நான்கு மணி நேரம்தான் தூங்கினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. முதல் கிலோமீட்டரில் இடது குதிகால் இழுத்ததும் தெரியாது. ஒரே பாதையில், ஒரே வேகத்தில் ஓடிய இரண்டு ஓட்டங்கள் அதன் திரையில் ஒன்றுபோலவே தெரியும். உங்கள் உடம்புக்கு அவை இரண்டும் வேறு வேறு. அந்த வேறுபாட்டை எழுதி வைக்கத்தான் குறிப்பேடு.

என் நோட்டிலிருந்து ஒரு சாதாரண நாளின் பதிவு இது:

"செவ்வாய், காலை 5.40. எளிய ஓட்டம். 8 கி.மீ., 56 நிமிடம். ஏரிக்கரைப் பாதை, சமதளம். காற்றில் ஈரம் அதிகம். கடினம் 4. தூக்கம் 6 மணி நேரம். இடது கணைக்கால் உள்பக்கம், கீழ்ப்பகுதியில் வலி 2, மூன்றாவது கி.மீ.க்குப் பிறகு தெரியவில்லை. கடைசிவரை பேசிக்கொண்டே ஓட முடிந்தது. பழைய ஷூ."

எழுத இரண்டு நிமிடம் போதும். இதைவிட நீளமாக எழுதத் தொடங்கினால் மூன்றாவது வாரத்தில் அலுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். இதைவிடச் சுருக்கினால் பின்னால் படிக்கும்போது ஒன்றும் கிடைக்காது. "நல்ல ஓட்டம்" என்று மட்டும் எழுதிய பக்கம் வெற்றுப் பக்கம்தான்.

கடினத்துக்கு ஒரு எண்

இந்தப் பதிவில் மிகவும் பயனுள்ள சொல் "கடினம் 4" என்பதுதான். உடலுழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை எண்ணால் சொல்லும் முறையை உருவாக்கியவர் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க். அவருடைய முதல் அளவுகோல் 6-இல் தொடங்கி 20-இல் முடியும். எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அப்போதைய இதயத் துடிப்பு வரும் என்பது அதன் அமைப்பு. அன்றாடப் பயன்பாட்டுக்கு 0 முதல் 10 வரையிலான அளவுகோலே எளிது. நான் அதைப் பேச்சோடு சேர்த்துப் பார்க்கிறேன். முழு வாக்கியங்களாகக் கதை பேச முடிந்தால் 3 அல்லது 4. இடையிடையே மூச்சு வாங்கி, துண்டு துண்டாகப் பேசினால் 5 அல்லது 6. இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வராவிட்டால் 7, 8. பேசவே தோன்றாவிட்டால் 9. பத்தை இன்டர்வல் பயிற்சியின் (வேகமாக ஓடி, சற்று ஓய்ந்து, மறுபடி ஓடும் பயிற்சி) கடைசிச் சுற்றுக்கும் போட்டியின் இறுதிக் கட்டத்துக்கும் ஒதுக்கி வையுங்கள்.

அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் இதற்கு ஓர் எளிய கணக்கைச் சேர்த்தார்: கடினத்தின் எண்ணை ஓடிய நிமிடங்களால் பெருக்குங்கள். மேலே சொன்ன ஓட்டத்துக்கு 56 × 4 = 224. வேகப் பயிற்சி செய்த ஒரு நாளில் 40 நிமிடம், கடினம் 8 என்றால் 320. தூரம் குறைவாக இருந்தும் உடம்பின் மேல் விழுந்த சுமை அன்றைக்குத்தான் அதிகம். கிலோமீட்டரை மட்டும் கூட்டுகிறவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை. இந்த எண்ணை ஓட்டம் முடிந்து அரை மணி நேரம் கழித்துப் போடுங்கள். நின்ற கையோடு போட்டால் கடைசி ஏற்றத்தின் மூச்சிரைப்பு முழு ஓட்டத்துக்கும் மதிப்பெண் போட்டுவிடும். மறுநாளைக்குத் தள்ளிப்போட்டால் எல்லாமே 5 ஆகிவிடும்.

வலியை எழுதும் முறை

இந்தப் பகுதியில்தான் பலரும் சோம்பல் படுகிறார்கள். குறிப்பேடு ஒருவரைக் காப்பாற்றுவதும் இங்கேதான். "முழங்கால் வலி" என்று எழுதாதீர்கள். எந்தக் கால், உள்பக்கமா வெளிப்பக்கமா, எத்தனையாவது கிலோமீட்டரில் தொடங்கியது, ஓட ஓடக் குறைந்ததா கூடியதா, படியில் இறங்கும்போது வலிக்கிறதா, மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் தெரிகிறதா என்று எழுதுங்கள். பக்கத்தில் 0 முதல் 10 வரை ஒரு எண்.

உடன் ஓடும் தோழி ஒருத்திக்கு வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் வலி வருவதும் போவதுமாக இருந்தது. என்ன செய்தாலும் காரணம் பிடிபடவில்லை. அவளுடைய நோட்டை இருவரும் உட்கார்ந்து பின்னோக்கிப் புரட்டினோம். வலி எழுதப்பட்ட நாளுக்கு முதல் நாளெல்லாம் "பாதை" என்ற இடத்தில் ஒரே சாலையின் பெயர். மழைநீர் வடிவதற்காக நடு உயர்ந்து ஓரம் சரிந்த சாலை அது. போகும்போதும் வரும்போதும் தனக்கு ஒரே கைப்பக்கமாக அமையும் ஓரத்தில்தான் அவள் ஓடுவாள், அதனால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே பதிந்துகொண்டிருந்தது. பாதையை மாற்றினாள், சில நாள் தூரத்தைக் குறைத்தாள், வலி மெல்ல விலகியது. பாதையின் பெயரை எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லாதிருந்தால் அந்த உரையாடலே நடந்திருக்காது.

எழுதிய எண்கள் முடிவெடுக்கவும் உதவும். இரண்டு வரைக்குமான வலி, ஓடத் தொடங்கியதும் மறைந்து, மறுநாளும் திரும்பவில்லை என்றால் கவனித்துக்கொண்டே ஓடலாம். அடுத்தடுத்த மூன்று பதிவுகளில் 2, 3, 4 என்று ஏறினால் நான்காவது ஓட்டம் வேண்டாம். நொண்ட வைக்கிற வலி எந்த எண்ணாக இருந்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது. எலும்பின் மேல் விரல் வைத்து "இதோ, இந்த இடம்" என்று காட்டக்கூடிய வலி வந்தால், அதிலும் இரவில் படுத்திருக்கும்போதும் தொடர்ந்தால், நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எலும்பில் நுண்விரிசல் தொடங்கியிருக்கலாம். தேதியோடு எழுதிய ஒரு பக்கம் அவருக்கு மிகவும் உதவும்.

பெண்களுக்கு ஒன்று. மாதவிடாய் தொடங்கிய நாளையும் ஓரத்தில் குறித்து வாருங்கள். சில நாள்களில் கால் கனப்பதற்கும் தூக்கம் கெடுவதற்கும் காரணம் அங்கே இருக்கலாம். பயிற்சி கூடக்கூட மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ, அதைத் தேறிவிட்டதன் அடையாளமாக எண்ணவே கூடாது. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்றபடி நீங்கள் சாப்பிடவில்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம். எலும்பையும் அது பலவீனப்படுத்தும். தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

நீண்ட ஓட்டத்துக்கு ஒரு முழுப் பக்கம்

வாரத்தில் ஒருநாள் ஓடும் நீண்ட ஓட்டம்தான் அரை மாரத்தானின் ஒத்திகை. அதற்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குகிறேன். 16 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒரே சராசரி பேஸ் எழுதினால் ஒன்றும் புரியாது. மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பேஸும் கடினமும் எழுதுங்கள். கடைசிப் பங்கில் பேஸ் மாறாமல் கடினம் 4-இலிருந்து 7 ஆகியிருந்தால் தொடக்கம் அதிகப்படி வேகம் என்று பொருள். வெயிலாகவும் இருக்கலாம், அதனால்தான் வெப்பநிலையையும் எழுதச் சொல்கிறேன். வெப்பத்தில் நீண்ட நேரம் ஓடும்போது ஒரே வேகத்துக்கே இதயத் துடிப்பு மெல்ல மெல்ல ஏறும். மணிக்கட்டில் கட்டும் கடிகாரம், பட்டை தளர்ந்திருந்தால், துடிப்புக்குப் பதிலாகக் காலடி எண்ணிக்கையைக் காட்டிவிடுவதும் உண்டு. எளிய ஓட்டத்தில் 175 என்று காட்டி, நீங்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தால், உங்கள் பேச்சை நம்புங்கள்.

ஓடுவதற்கு எத்தனை மணி நேரம் முன்பு சாப்பிட்டீர்கள், வயிறு என்ன சொன்னது, ஜெல் (ஓடும்போதே உண்ணும் கூழ்போன்ற சர்க்கரை உணவு) எடுத்தால் எந்தக் கிலோமீட்டரில் என்பனவும் அந்தப் பக்கத்தில் வர வேண்டும். வியர்வைக் கணக்கு ஒன்றும் உண்டு. ஓடுவதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். முன்பு 58.4 கிலோ, பிறகு 57.5, இடையில் குடித்தது 400 மில்லி என்றால், ஒன்றரை மணி நேரத்தில் இழந்தது ஏறக்குறைய 1.3 லிட்டர். வெவ்வேறு வெப்பநிலையில் சில முறை இப்படி எடுத்து வைத்தால், போட்டியன்று எவ்வளவு குடிப்பது என்று மற்றவரைக் கேட்க வேண்டியிருக்காது. ஓட்டத்துக்குப் பிறகு எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அதுவும் ஆபத்துதான், இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும்.

ஓடாத நாளையும் எழுதுங்கள். "ஓடவில்லை, அலுவலக வேலை" என்று ஒரு வரி போதும். விட்டதை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாக ஓட வேண்டாம்.

வாரம் ஒருமுறை வாசிப்பு

எழுதுகிறவர்கள் பலர், திரும்ப வாசிக்கிறவர்கள் சிலர். நீண்ட ஓட்டம் முடிந்த அன்று மாலை பதினைந்து நிமிடம் உட்காருங்கள். மொத்தக் கிலோமீட்டர், சுமையின் கூட்டுத்தொகை, மிக நீளமான ஓட்டம், வலி வந்த இடங்கள், தூக்கம் ஆகியவற்றை முந்தைய வாரங்களோடு ஒப்பிடுங்கள். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்ற விதியைப் பலரும் வேதமாகச் சொல்வார்கள். எல்லோருக்கும் பொருந்தும் எண் அது இல்லை. மிகக் குறைவாக ஓடுகிறவருக்குப் பத்து சதவீதம் ஒன்றுமே இல்லை, ஏற்கெனவே நிறைய ஓடுகிறவருக்கு அதுவே அதிகம். சுமை ஏறிய வாரத்தில் தூக்கம் குறைந்ததா, காலையில் எழுமுன் எண்ணிய நாடித்துடிப்பு சில நாள்களாக வழக்கத்தைவிட ஐந்தாறு கூடியிருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன். இரண்டும் சேர்ந்தால் அடுத்த வாரம் சுமையைக் குறைப்பேன். முடிவை அந்த இடத்திலேயே ஒரு வாக்கியமாக எழுதிவிடுங்கள்: "வரும் வாரம் வேகப் பயிற்சி இல்லை, நீண்ட ஓட்டம் 12."

ஷூவின் கிலோமீட்டரையும் அன்றைக்கே கூட்டிக்கொள்ளலாம். பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும்.

போட்டியை நெருங்கும்போது

இலக்கு நேரத்தைக் கணிக்க, அமெரிக்கப் பொறியாளர் பீட் ரீகல் 1977-இல் தந்த சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அதன்படி, முழு முயற்சியோடு ஓடிய 10 கிலோமீட்டரின் நேரத்தை ஏறக்குறைய 2.2-ஆல் பெருக்கினால் அரை மாரத்தானின் நேரம். 60 நிமிடம் என்றால் 2 மணி 12 நிமிடம். ஆனால் நோட்டைப் புரட்டுங்கள். உங்கள் மிக நீளமான ஓட்டமே 12 கிலோமீட்டர்தான் என்றால் இந்த எண்ணை நம்பித் தொடக்கத்தில் விரட்டாதீர்கள்.

கடைசி இரண்டு வாரங்களில் தூரத்தைக் குறைத்து, சிறிது வேகத்தை மட்டும் தக்கவைப்பது வழக்கம். அப்போது எங்கெங்கோ புதிய வலிகள் தலைகாட்டும், பயிற்சி போதவில்லை என்ற பதற்றமும் வரும். புதிதாக எதையாவது செய்யத் துடிக்காமல் பழைய பக்கங்களை வாசியுங்கள். நீண்ட ஓட்டப் பக்கங்களிலிருந்து போட்டிக் காலையின் திட்டத்தை எடுத்து ஒரு சீட்டில் எழுதுங்கள்: எழும் நேரம், சாப்பிடும் நேரம், முதல் 5 கிலோமீட்டரின் பேஸ், தண்ணீரின் அளவு, உரசாத சாக்ஸ். அன்றைக்குச் செய்யப்போகும் எதுவும் நோட்டில் ஒருமுறையாவது ஏற்கெனவே இருந்தாக வேண்டும்.

போட்டி முடிந்த அன்றே, தூங்குவதற்கு முன், அதற்கான பக்கத்தையும் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் எடுத்த நேரம், எங்கே கடினம் 6-ஐத் தாண்டியது, எங்கே வேகம் விழுந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. கடைசியில் மூன்று வரி: அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியது, மாற்ற வேண்டியது, இனி செய்யவே கூடாதது. அடுத்த நோட்டு வாங்கியதும் அந்த மூன்று வரியையும் முதல் பக்கத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.