நெடுஞ்சாலையில் சக்கரம் அதிர்ந்தால்

மலேசியாவின் சிலிம் ரிவர் தோட்டச் சாலைகளில் ஒழுங்காக ஓடும் கார், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டியதும் அதிரத் தொடங்கினால், அதிர்வு எங்கே தெரிகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும்: ஸ்டீரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரங்களிலும், இருக்கையில் தெரிந்தால் பின்சக்கரங்களிலும் கோளாறு இருக்கும். பிரேக் மிதிக்கையில் மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க்கைச் சோதிக்க வேண்டும்.

பட்டறைக்குப் போகுமுன் ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் அங்கே அப்பிக் காய்ந்து, சக்கரத்தின் எடைச் சமநிலையைக் கெடுத்திருக்கலாம்; கழுவியதுமே அதிர்வு நின்றுவிடுவதும் உண்டு. சமநிலைக்காக ரிம்மில் ஒட்டிய எடைக்கட்டி உதிர்ந்த இடத்தில் பசைத்தடம் மட்டும் தெரிந்தால், சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் பேலன்சிங் செய்தாக வேண்டும். டயரின் பக்கவாட்டில் வீக்கம் இருந்தால் டயரையே மாற்றுங்கள். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் மட்டும் போதும் என்பவரை நம்ப வேண்டாம். அது கார் ஒருபக்கமாக இழுப்பதற்கான வைத்தியம்.