கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துவிடுவது எப்படி?

வளைகாப்பு முடிந்து தங்கச்சியை வீட்டுக்கு அழைத்து வந்த முதல் வாரமே, நடுராத்திரியில் "அக்கா, கெண்டைக்கால் இழுக்குது" என்று அலறினாள். பதறிப்போய்ப் பிசைந்தேன், வலி கூடியதுதான் மிச்சம். மறுநாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தார்: காலை நீட்டவைத்து, பாதத்தைப் பிடித்து முழங்கால் பக்கமாக மெல்ல வளைக்க வேண்டும். இழுப்பு விட்ட பிறகுதான் தடவ வேண்டும். அவளுக்குச் செய்து பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்ணெயைத் தொடும் முன்

இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருக்கிறதா? கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கிறதா? அப்படியானால் கை வைக்காதீர்கள். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்தால் அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. கர்ப்ப காலத்தில் இது பெரும்பாலும் இடது காலில்தான் வரும். பிரசவத்துக்குப் பின் 6 வாரம் வரையிலும் இந்தப் பயம் இருக்கிறது.

முகமும் கையும் திடீரென்று வீங்கினாலோ, விடாத தலைவலி, கண் மங்கல் இருந்தாலோ, பிரஷர் 140/90-ஐத் தொட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108-ஐ அழையுங்கள். எந்த மாதமானாலும் ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கர்ப்ப காலத்தில்

இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த போர்வை. ஐந்து மாதத்துக்கு மேல் மல்லாக்கப் படுத்தால் கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், தலைசுற்றும்.

இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும். கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வாசனைத் தைலம் எதையும் கலக்க வேண்டாம்.

பாதத்தில் தொடங்குங்கள். கட்டைவிரலால் உள்ளங்காலை வட்டமாகத் தேய்த்து, பிறகு கணுக்காலிலிருந்து முழங்கால் வரை உள்ளங்கையால் மேல்நோக்கி வருடுங்கள். கெண்டைக்கால் சதையை அழுத்திப் பிசையக் கூடாது. ஒவ்வொரு காலுக்கும் ஐந்து நிமிடம் போதும்.

அடுத்து இடுப்பு. முதுகெலும்பின் மேல் கை படாமல் அதன் இரு பக்கமும் கீழிருந்து மேலாகத் தடவுங்கள். வால் எலும்புக்குச் சற்று மேலே உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மெதுவாக வட்டமிடுங்கள். "இங்கதான், இங்கதான்" என்று தங்கச்சி சொல்லும் இடம் அதுதான். "வலிக்குதா?" என்று கேட்டால், நமக்காக "இல்லை" என்பார்கள். "இன்னும் மெதுவா வேணுமா?" என்று கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும்.

வயிற்றை அமுக்கவே வேண்டாம்.

பிள்ளை பிறந்த பிறகு

சுகப்பிரசவம் என்றால், டாக்டர் சரி என்றதும் சில நாட்களிலேயே ஆரம்பிக்கலாம். குனிந்து பால் கொடுத்துக் கொடுத்துக் கழுத்தும் தோளும் கட்டையாக இறுகிப்போயிருக்கும். நாற்காலியில் உட்காரவைத்து, மேசைமேல் தலையணை போட்டுச் சாய்ந்துகொள்ளச் சொல்லுங்கள். காதுக்குக் கீழிருந்து தோள்பட்டை வரை நான்கு விரல்களால் இழுத்து இழுத்து விடுங்கள். ஆறாவது, ஏழாவது முறையில் தோள் தானாகக் கீழே இறங்குவது கையில் தெரியும்.

சிசேரியன் என்றால் தையல் ஆறும்வரை அந்தப் பக்கமே போகக் கூடாது. தழும்பைத் தேய்ப்பதெல்லாம் சுமார் 6 வாரம் கழித்து, டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு.

"வயிறு உள்ளே போகணும்" என்று பெரியவர்கள் வயிற்றை அமுக்கித் தேய்க்கச் சொல்வார்கள். அவர்கள் அக்கறையில் குறையில்லை. ஆனால் கர்ப்பப்பை சுமார் 6 வாரத்தில் தானாகவே சுருங்கிவிடும், அமுக்கினால் கேடுதான். மார்பில் பால் கட்டினாலும் அழுத்திப் பிசையாதீர்கள், வீக்கம் அதிகமாகும்.

நடுவில் குழந்தை அழுதால் விட்டுவிடுங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். எழுந்திருக்கும் முன் உள்ளங்காலைத் துண்டால் இரண்டு முறை அழுத்தித் துடையுங்கள். எண்ணெய்க்காலோடு டைல்ஸ் தரையில் கால் வைக்கவிடாதீர்கள்.