பூட்டுத் தொழிலில் தேர்ந்தவரை அறிந்துகொள்வது எப்படி?

சாவியைத் தொலைத்துவிட்டுப் பூட்டிய கதவின் முன் நிற்கும் நேரத்தில், வந்திருப்பவர் தொழில் தெரிந்தவர்தானா என்று ஆராய யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே வந்தது நினைவில் உறுத்திக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டார் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். முதலில் வந்து சேருகிறவர் கையில் வீட்டை ஒப்படைத்துவிடுவோம். ஆகவே இந்த ஆராய்ச்சியை அவசரம் எதுவும் இல்லாத ஒரு நாளில் செய்து வைத்துக்கொள்வதே நல்லது. அதற்கு எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை, வாடகை வீடுகளிலும் சொந்த வீட்டிலுமாகப் பல பூட்டுகளோடு பட்ட அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா, டெக்சஸ் உள்ளிட்ட சில மாநிலங்களில் இத்தொழிலைச் செய்வதற்கு உரிமம் பெற்றிருக்க வேண்டும். விரல் ரேகையைக் கொடுத்துக் குற்றப் பின்னணிச் சோதனைக்கு உட்பட்ட பிறகே அந்த உரிமம் கிடைக்கும். பிரிட்டனில் அரசு உரிமம் கிடையாது என்றாலும், தேர்வு வைத்து உறுப்பினர்களைச் சேர்த்துக்கொள்ளும் தொழில் சங்கம் உண்டு. நம் ஊரில், சாலையோரம் ஒரு மரப்பெட்டியும் சில அரங்களும் கம்பியில் கோத்த, இன்னும் பல் வெட்டாத வெற்றுச் சாவிகளுமாக உட்கார்ந்திருப்பவரிடம் அப்படி ஒரு அட்டையைக் கேட்டுப் பார்க்க முடியாது. தந்தையிடமோ பட்டறையிலோ கற்ற கைப்பழக்கமே அவருடைய சான்றிதழ். அதனால் அவருடைய தகுதியை அவர் நடந்துகொள்ளும் முறையிலிருந்தும் செய்து தரும் வேலையிலிருந்தும் நாமேதான் கண்டறிய வேண்டியிருக்கிறது.

முதலில் கவனிக்க வேண்டியது, அவர் நம்மிடம் கேள்வி கேட்கிறாரா என்பது. இது யாருடைய வீடு, நீங்கள் உரிமையாளரா வாடகைக்கு இருப்பவரா, முகவரியுள்ள அடையாள அட்டை இருக்கிறதா, இல்லையென்றால் உங்களை அறிந்த பக்கத்து வீட்டார் ஒருவரைக் கூப்பிட முடியுமா என்று கேட்பவரே தொழிலை மதிப்பவர். அட்டை வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது என்றால், திறந்தவுடன் காட்டுங்கள் என்று சொல்லி அதைப் பார்த்த பிறகே கருவிகளை எடுத்து வைப்பார். அவசரத்தில் இந்தக் கேள்விகள் எரிச்சலூட்டலாம். ஆனால் நாம் ஊரில் இல்லாத நாளில் வேறொருவர் நம் வீட்டு வாசலில் நின்று அவரை அழைத்தாலும் அதே கேள்விகளைத்தானே கேட்பார். கணவன் மனைவிக்குள் வழக்கு நடக்கும் வீடு, பாகம் பிரிக்காத பூர்விக வீடு, வாடகைத் தகராறில் உரிமையாளரே பூட்டுப் போட்ட வீடு ஆகியவற்றில் தேர்ந்தவர் கை வைக்க மாட்டார்; காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகச் சொல்லிவிடுவார். அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பதும் நம் சட்டத்தில் வீடு உடைத்தல் என்ற குற்றத்துக்குள் வருகிறது. பூட்டு சேதமாகவில்லை என்பது அங்கே விடுதலை தராது.

சோப்புக் கட்டியில் எடுத்த அச்சையோ கைப்பேசியில் பிடித்த சாவியின் படத்தையோ கொண்டுவந்து, இதற்கு ஒரு சாவி செய்துகொடுங்கள் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மூலச் சாவியைக் கையோடு கொண்டுவரச் சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்புவதே முறை. மாற்றுச்சாவிக்கும் கள்ளச்சாவிக்கும் அரம் போடும் வேலை ஒன்றுதான். யார் கேட்டார்கள் என்பதைப் பொறுத்தே பெயர் மாறுகிறது.

இரண்டாவதாக, கருவியை எடுப்பதற்கு முன் அவர் பூட்டைப் பார்க்கிறாரா என்று கவனிக்க வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு முன்கதவு காற்றில் தானாக அடைத்துக்கொண்டது. அவசரத்துக்கு அழைத்த ஒருவர் வந்த வேகத்தில் துளையிடும் இயந்திரத்தை இயக்கி, சாவித்துவாரத்தைத் துளைத்து எடுத்தார். துளைக்கும் முனை வழுக்கிப் போய்த் தேக்குக் கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் விழுந்தது. திறந்ததற்கும் புதுப் பூட்டுக்குமாக அவர் வாங்கிய தொகையைவிட, அந்தக் கீறலே எனக்கு இன்றுவரை மனக்குறையாக இருக்கிறது. பின்னாளில் நான் விவரத்தைச் சொன்ன ஒரு முதியவர், "சாவி போட்டுப் பூட்டினீர்களா, வெறுமனே சாத்திக்கொண்டதா என்று அவர் கேட்கவில்லையா?" என்றார். சாத்தியதும் தானாக விழுந்துகொள்ளும் சரிவான நாக்கைப் பெரும்பாலும் பூட்டுக்கோ கதவுக்கோ சேதமில்லாமல் பின்னுக்குத் தள்ளிவிட முடியும். சாவியைத் திருப்பிப் பூட்டியிருந்தால்தான் வேலை கடினமாகிறது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் துளைக்கத் தொடங்குபவரை அங்கேயே நிறுத்திவிடலாம்.

துளைப்பதே தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. உட்பகுதி தேய்ந்து சிக்கிக்கொண்ட பூட்டுகளில் வேறு வழியே இருக்காது. அப்படியானால் அதை முன்கூட்டியே சொல்லி, புதிய உட்பகுதியின் விலையையும் சொல்லி, கதவின் மரத்தில் சிராய்ப்புப் படாதபடி ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

அந்த முதியவரிடம் பிறகு சாவி திரும்பும்போது உள்ளே எழும்பும் லீவர் என்ற தகடுகளைக் கொண்ட ஒரு பழைய லீவர் பூட்டுக்குச் சாவி செய்யக் கொடுத்து, அருகில் உட்கார்ந்து பார்த்தேன். திண்டுக்கல்லில் செய்த கனமான பித்தளைப் பூட்டு அது. சாவி தொலைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வெற்றுச் சாவியின் முனையை மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரி படிய வைத்தார். அதைத் துவாரத்தில் செலுத்தி, பலமாகத் திருகாமல், ஒரே சீராக அழுத்தித் திருப்பி, வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கரி படிந்த விளிம்பில் இரண்டு இடங்கள் மட்டும் நகக்கீற்றுப்போல மின்னின. உள்ளே லீவர்கள் உரசிய இடங்கள் அவை. வைஸில் சாவியைப் பிடித்து அந்த இடங்களில் மட்டும் மூன்று முறை அரத்தை இழுத்தார். மீண்டும் கரி, மீண்டும் திருப்பல். ஒவ்வொரு லீவரும் தனக்குரிய உயரத்துக்குச் சரியாக எழும்பினால்தான் தாழ் நகர வழிவிடும். கூடினாலும் திறக்காது, குறைந்தாலும் திறக்காது. ஆகவே அரம் ஒரு முறை அதிகமாக ஓடிவிட்டால் அந்தச் சாவி வீண்தான். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கழித்துப் பூட்டு ஓசையின்றித் திறந்துகொண்டது. உடனே அதை என்னிடம் நீட்டிவிடாமல் பத்துப் பன்னிரண்டு முறை பூட்டித் திறந்து பார்த்து, விளிம்பின் பிசிறை நைஸ் அரத்தால் தேய்த்த பிறகே கொடுத்தார்.

2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கு இருக்கும் பெயர் இந்தக் கைவேலையால் வந்தது. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என்று வகை வகையாகக் கையால் செய்து பழகியவர்களுக்கு, ஒரு பூட்டைப் பிரிக்காமலேயே அதன் உட்புறம் மனக்கண்ணில் தெரிந்துவிடுகிறது. பொறுமையும் இத்தொழிலின் ஒரு பகுதிதான். 1851இல் லண்டனில் பிராமா நிறுவனத்தின் புகழ்பெற்ற பூட்டை ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறந்து காட்டியபோது, 16 நாட்களில் பரவலாக 51 மணி நேரம் உழைத்தே அதைச் சாதித்தார். எந்தப் பூட்டையும் இரண்டு நிமிடத்தில் திறப்பேன் என்று வாக்குக் கொடுப்பவரை நான் நம்புவதில்லை.

மாற்றுச்சாவி வெட்டும் வேலையிலும் தரத்தைச் சோதிக்கலாம். பழைய சாவியை இயந்திரத்தில் பொருத்தி நகல் எடுத்தால் அதன் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்தால் பிழை மேலும் கூடும். அதனால் தேர்ந்தவர், வீட்டில் அதிகம் பயன்படுத்தாத சாவி இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள் என்பார். தேய்மானம் இல்லாத மூல அளவை அறிய, சாவியில் எண் பொறித்திருக்கிறதா என்றும் பார்ப்பார். வேலைக்காரர் மாறினாலோ வாடகைக்கு இருந்தவர் காலி செய்தாலோ புதுப் பூட்டுதான் வாங்க வேண்டும் என்று சொல்லாமல், உருளைப் பூட்டாக இருந்தால் உள்ளே சாவியின் பற்களுக்கு ஏற்ப எழும் சிறு ஊசிகளான பின்களை மட்டும் மாற்றிப் பழைய சாவி செல்லாதபடி செய்து தர முடியும் என்று சொல்பவர் உங்கள் பணத்தையும் மதிக்கிறார். இறுகிப்போன பூட்டில் தேங்காய் எண்ணெய் ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். எண்ணெய் தூசியைப் பிடித்துவைத்துப் பின்னர் பிசினாக்கிவிடும் என்று விளக்கி, கிராஃபைட் தூளைப் பயன்படுத்தச் சொல்பவர் விவரம் அறிந்தவர்.

கார்ச் சாவியும் எண்களை அழுத்தித் திறக்கும் மின்னணுப் பூட்டும் தனிப் பயிற்சி தேவைப்படுபவை. இன்றைய பல கார்ச் சாவிகளுக்குள் ஒரு சிப் இருக்கிறது. உலோகத்தைச் சரியாக வெட்டினாலும், சிப்பை வண்டியின் கணினியில் பதிவு செய்யாவிட்டால் எஞ்சின் இயங்காது. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரிடம் அனுப்பிவைப்பதும் ஒரு தகுதிதான். வங்கிப் பெட்டகத்தின் சாவி தொலைந்தால் வெளியாள் எவரையும் அழைக்க வேண்டாம். எழுத்து மூலம் வங்கிக்குத் தெரிவித்தால், அவர்களே ஆள் வரவழைத்து உங்கள் முன்னிலையில் திறப்பார்கள்.

வேலை முடிந்ததும், முதலில் பேசிய தொகைக்கு ரசீது கேளுங்கள். சோதனைக்காக வெட்டி வீணான சாவிகளையும் கழற்றிய பழைய பாகங்களையும் அவரே எடுத்துத் தர வேண்டும். உங்கள் சாவியின் அச்சையோ எண்ணையோ முகவரியோடு சேர்த்துக் குறித்துவைக்கும் பழக்கம் அவரிடம் இருந்தால் அடுத்த முறை வேறொருவரிடம் போய்விடுங்கள்.

இத்தனையையும் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. இந்த வாரமே, மாடியறை அல்லது பரண் போன்ற முக்கியமில்லாத ஓர் இடத்தின் சாவியை எடுத்துக்கொண்டு, உங்கள் பகுதியில் பல ஆண்டுகளாக ஒரே இடத்தில் கடை வைத்திருப்பவரிடம் ஒரு மாற்றுச்சாவி செய்யக் கொடுங்கள். அவர் என்ன கேட்கிறார், மூலச் சாவியை எப்படிக் கையாளுகிறார், பிசிறைத் தேய்த்துக் கொடுக்கிறாரா என்று நின்று பாருங்கள். வீட்டுக்கு வந்து அந்தச் சாவியைக் கதவைத் திறந்து வைத்துப் பத்து முறையும் சாத்தி வைத்துப் பத்து முறையும் திருப்பிப் பார்த்து, எங்கும் முரண்டு பிடிக்காவிட்டால், அவருடைய எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் பக்கத்து வீட்டாரிடமும் எழுதிக் கொடுத்து வையுங்கள். கதவு சாத்திக்கொள்ளும் நாளில் கைப்பேசியும் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும்.