கனமான ட்ரெய்னருக்கு எந்த எஞ்சின்? முதலில் தராசை எடுங்கள்

என் ரேடியோ கண்ட்ரோல் மாடல் பிளேன் பெட்டியில் "40 சைஸ் ட்ரெய்னர்" என்று போட்டிருந்தது, அதாவது 40 அளவு எஞ்சின் போட்டு, பறக்கவிடப் பழகுவதற்கான பிளேன். அந்த அளவு பிளேன் இரண்டரைக் கிலோவுக்குள் அடங்க வேண்டும். நான் கட்டி முடித்து நிறுத்தபோது மூன்றரை. பால்சா என்ற லேசான மரம் இருக்க வேண்டிய இடமெல்லாம் பிளைவுட், மூட்டுக்கு மூட்டு எபாக்ஸி பசை. உறுதியாக இருக்கட்டுமே என்று நானே செய்த வினை. இப்படியொரு பிளேன் உங்களிடமும் இருந்தால், எஞ்சின் வாங்கும் முன் இதைப் படியுங்கள்.

முதல் படி: எடை போடுதல்

சர்வோ (வால், இறக்கை மடிப்புகளை அசைக்கும் குட்டி மோட்டார்), ரிசீவர் (ரேடியோ சிக்னலை வாங்கும் பெட்டி), பேட்டரி, காலி டேங்க், சக்கரம் எல்லாவற்றையும் மாட்டி நிறுத்துப் பாருங்கள். அதோடு எஞ்சினுக்கும் மஃப்ளருக்கும் (புகை போகும் சைலன்சர்) 500 கிராம் கூட்டிக்கொள்ளுங்கள். சமையலறைத் தராசே போதும், வீட்டில் திட்டு வாங்கத் தயாராக இருந்தால்.

இரண்டாம் படி: இறக்கை எவ்வளவு சுமக்கிறது?

இதைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் இறக்கை 150 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். பெருக்கினால் 4500 சதுர செ.மீ., அதாவது 45 சதுர டெசிமீட்டர். 3500 கிராமை 45-ஆல் வகுத்தால் சதுர டெசிமீட்டருக்கு 78 கிராம் வருகிறது. பழகுபவருக்கு 50 முதல் 60 வரை இருந்தால் சுகம். 75-ஐத் தாண்டினால் அது ட்ரெய்னர் வேடம் போட்ட வேறு பிளேன்.

காரணம் ஸ்டால் வேகம், அதாவது இதற்குக் கீழே போனால் இறக்கையால் பிளேனைத் தூக்கி நிறுத்த முடியாத வேகம். எடை கூடினால் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இந்த வேகமும் கூடும். என் கணக்கில் இரண்டரைக் கிலோவுக்கு மணிக்கு 31 கி.மீ. சுமாராக வருகிறது, மூன்றரைக் கிலோவுக்கு 37. இதை எந்த எஞ்சினாலும் குறைக்க முடியாது. பெரிய எஞ்சின் மேலே ஏற்றிவிடும், ஆனால் மெதுவாக இறங்க வைக்காது. அதனால் எஞ்சினுக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், வால் பக்கத்தில் சுரண்டி எடுக்க முடிந்த எடையை எடுங்கள்.

மூன்றாம் படி: அளவு

எஞ்சின் மேல் இருக்கும் 40, 46, 61 எல்லாம் எஞ்சினின் கொள்ளளவு, கன அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. 40 என்றால் 6.5 சிசி, 46 என்றால் 7.5, 61 என்றால் 10. மூன்று கிலோ வரை நல்ல பால் பேரிங் 46 தாராளம். மூன்றரைக்கு 55 எடுப்பேன். ஓ.எஸ். கம்பெனியின் 46ஏஎக்ஸ் இருக்கும் அதே மவுண்டில் (எஞ்சினைப் பிடிக்கும் தாங்கி) 55ஏஎக்ஸ் உட்காரும், எடையும் சுமார் 30 கிராம்தான் கூடும். 61-க்குத் தாவினால் மூக்கும் ஃபயர்வாலும் (எஞ்சினை முடுக்கும் முன்பக்கப் பலகை) அதற்குத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

விளம்பரத்தில் வரும் குதிரைத்திறனைப் பார்த்து மயங்க வேண்டாம். 46ஏஎக்ஸுக்குச் சொல்லும் 1.65 குதிரைத்திறன் நிமிடத்துக்கு 16,000 சுற்றில் கிடைப்பது. ட்ரெய்னர் ப்ராப்பை (மூக்கில் சுழலும் விசிறி) மாட்டினால் தரையில் 12,000 பக்கம்தான் சுற்றும். கனமான பிளேனில் உச்ச சக்தியைவிட ஐடிலில், அதாவது மிக மெதுவாக ஓடும்போது, அணையாமல் நிற்பதுதான் முக்கியம். அணைந்தால் லேசான ட்ரெய்னர் மிதந்து வரும். கனமானது வேகத்தோடு கீழே வரும்.

நான்காம் படி: ப்ராப்

11×6 என்றால் 11 அங்குல விட்டம், ஒரு சுற்றுக்கு 6 அங்குலம் முன்னேறும் சாய்வு. 12,000 சுற்றில் கணக்கிட்டால் மணிக்கு 110 கி.மீ. வரும். ஸ்டால் வேகத்தைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு இருந்தால் போதும். 37-ஐ மூன்றால் பெருக்கினால் 111, பொருந்திவிடுகிறது. இதற்கு மேல் சாய்வைக் கூட்டினால் பிளேன் ஓடும், ஆனால் புல்தரையிலிருந்து எழும்பத் திணறும். கனத்துக்கு விட்டம்தான் உதவும்: 55-க்கு 12×6.

இதுவரை சொன்னதெல்லாம் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்; இந்த இடத்தில்தான் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் ஜெயிக்கிறது. பெரிய ப்ராப்பை நிதானமாகச் சுற்றும், சத்தமும் காதுக்கு இதம். ஆனால் விலை அதிகம், வால்வு இடைவெளியை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். முதல் எஞ்சினாக நான் சொல்லமாட்டேன். 20 சிசி பெட்ரோல் எஞ்சினோ, இக்னிஷன் எல்லாம் சேர்த்து 800 கிராமைத் தாண்டும். இந்த மூக்குக்கு அது வேண்டாம்.

ஐந்தாம் படி: மணல் பை

வாங்க நினைக்கும் எஞ்சினும் மஃப்ளரும் எவ்வளவு எடையோ, அவ்வளவு மணலைப் பையில் கட்டி எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் தொங்கவிடுங்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 8 முதல் 10 செ.மீ. தூரத்தில் (30 செ.மீ. அகலத்துக்கான கணக்கு இது) இரு பக்கமும் விரல் வைத்துத் தூக்குங்கள். வால் சாய்ந்தால் கனமான எஞ்சின் உங்களுக்கு லாபம், ஈயக்கட்டி சேர்க்க வேண்டியதில்லை. மூக்கு சாய்ந்தால் பேட்டரியைப் பின்னால் தள்ளுங்கள்.

மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருள் உங்கள் ஊரில் கிடைக்காது என்றால் மின்மோட்டார் போடலாம். கிலோவுக்கு 200 வாட் என்று வைத்தால் 700 வாட் வேண்டும். நாலு செல் லிப்போ பேட்டரியில் அது 47 ஆம்பியர், ஆகவே 60 ஆம்பியருக்குக் குறைந்த ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வேண்டாம்.

கடைசியில் நான் போட்டது 55-தான். மேலே ஏறுவதில் குறையில்லை. இறங்கும்போது மட்டும் சக்கரம் தரையைத் தொடும்வரை த்ராட்டிலை முழுதாக மூடுவதில்லை.