பி.எஸ்சி நர்சிங்: எல்லாப் பேப்பரும் பாஸ், ஆனாலும் பட்டம் நிற்பது ஏன்?

கடைசி வருடத்தில் சிலர் மாட்டிக்கொள்வது தேர்வில் அல்ல. போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) மணிக்கணக்கு குறைவு, லாக் புக்கில் (செய்முறைப் பதிவேட்டில்) கையெழுத்து இல்லை, சான்றிதழில் இனிஷியல் வேறு. இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். மூன்றையுமே முதல் செமஸ்டரிலிருந்து பார்த்துக்கொண்டால் கடைசியில் ஓட வேண்டியதில்லை.

கீழே உள்ளது இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் அரசிதழில் வெளியிட்ட செமஸ்டர் பாடத்திட்டத்துக்கானது. பழைய வருடாந்திர முறையில் சேர்ந்தவர்களுக்கு விதிகள் வேறு. அட்மிஷன், கவுன்சலிங் பற்றியும் இங்கே இல்லை. சேர்ந்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டே தொடங்குவோம்.

படி 1: கிரெடிட்டை மணியாக மாற்றுங்கள்

ஒரு செமஸ்டர் 20 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம். தியரியில் 1 கிரெடிட் என்றால் வாரம் 1 மணி, அதாவது 20 மணி. லேபில் 1 கிரெடிட் 40 மணி. கிளினிக்கலில் 1 கிரெடிட் 80 மணி. மூன்றாவது செமஸ்டரில் வரும் அடல்ட் ஹெல்த் நர்சிங் 1-ஐ எடுங்கள்: தியரி 7 கிரெடிட், 140 மணி, லேப் 1 கிரெடிட், 40 மணி, கிளினிக்கல் 6 கிரெடிட், 480 மணி. கிரெடிட்டைப் பார்த்தால் தியரிதான் பெரிதாகத் தெரியும். மணியாக மாற்றினால் வார்டுதான் மூன்று மடங்குக்கு மேல்.

ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு இதுதான் அடிப்படை.

படி 2: 80-ம் 100-ம் வேறு வேறு

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தேர்வு எழுத, ஒவ்வொரு பாடத்திலும் தியரிக்கும் பிராக்டிக்கலுக்கும் தனித்தனியாக 80 சதவீத வருகை வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விதி. ஹால் டிக்கெட் கையில் வந்ததும் வருகைப் பிரச்சினை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. பட்டம் வாங்க ஒவ்வொரு கிளினிக்கல் பகுதியிலும் 100 சதவீதம் வேண்டும். 80 உங்களைத் தேர்வு அறைக்குள் விடும், அவ்வளவுதான். மீதி 20 கடனாக நிற்கும்.

480 மணியில் 80 சதவீதம் 384. ஒரு நாளைக்கு 8 மணி என்றால் 6 நாள் விடுப்பு எடுத்தவருக்கு 48 மணி குறைவு. வருகை 90 சதவீதம். தேர்வு தாராளமாக எழுதலாம். ஆனால் அந்த 6 நாளையும் பிறகு ஈடுகட்டியே ஆக வேண்டும். செமஸ்டருக்கு 5 நாள் என்று ஐந்து செமஸ்டர் விட்டால் 25 நாள், 200 மணி. கூடப் படித்தவர்கள் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒரு மாதம் வார்டில் நிற்பீர்கள்.

இதில் இன்னொரு கண்ணி: கணக்கு பகுதிவாரியானது. ஆபரேஷன் தியேட்டர் போஸ்டிங்கில் 3 நாள் போகவில்லை என்றால், மெடிக்கல் வார்டில் கூடுதலாக 3 நாள் நின்று சரிக்கட்ட முடியாது. தியேட்டரிலேயே நிற்க வேண்டும். அங்கே அப்போது அடுத்த பேட்ச்சின் போஸ்டிங் ஓடிக்கொண்டிருந்தால் இடம் கிடைக்கும் வரை காத்திருப்புதான். அதனால் விட்ட நாளை அதே செமஸ்டர் விடுமுறையில் ஈடுகட்டிவிடுவது நல்லது. முடித்ததும் தேதி, வார்டு, மணி மூன்றும் எழுதி கையெழுத்து வாங்குங்கள். தேதி இல்லாத கையெழுத்தைப் பிறகு யாரும் ஏற்க மாட்டார்கள்.

மெடிக்கல் சர்டிபிகேட் கொடுத்தால் வருகை வந்துவிடாதா என்று கேட்பவர்கள் நிறைய. வராது. எந்தக் காரணத்துக்காக எடுத்த விடுப்பாக இருந்தாலும் 80 சதவீதக் கணக்கு அப்படியேதான். சர்டிபிகேட் விடுப்பை நியாயப்படுத்தும். போன மணி நேரத்தைத் திருப்பித் தராது.

கணக்கு வைக்க தனி ஆப் எதுவும் வேண்டாம். போனில் ஒரு எக்செல் ஷீட் போதும்: பகுதி, தேவையான மணி, முடித்த மணி, மீதி என்று நான்கு பத்தி. வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு நிமிடம். கல்லூரிப் பதிவேட்டோடு மாதம் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தவறு இருந்தால் அந்த மாதத்திலேயே சொன்னால் திருத்தம் நடக்கும்.

படி 3: இன்டர்னல் எங்கே ஒளிந்திருக்கிறது

தியரிக்கு இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. இந்த 25-ல் 15 செஷனல் தேர்வுக்கு (செமஸ்டருக்கு நடுவே கல்லூரியே நடத்துவது), 10 தொடர் மதிப்பீட்டுக்கு. தொடர் மதிப்பீட்டுக்குள் வருகைக்கே 2 மதிப்பெண் உண்டு: 95 சதவீதம் முதல் 2, 90 முதல் 94 வரை 1.5, 85 முதல் 89 வரை 1, 80 முதல் 84 வரை அரை.

சில பாடங்கள் இரண்டு செமஸ்டருக்கு நீளும். நர்சிங் ஃபவுண்டேஷன் முதல் செமஸ்டரில் தொடங்கி இரண்டாவதில் பல்கலைத் தேர்வாக வரும். முதல் செமஸ்டரில் பல்கலைத் தேர்வு இல்லையே என்று செஷனலை அலட்சியமாக எழுதினால், இரண்டின் சராசரிதான் இன்டர்னலாகப் போகும். முதலில் 13, அடுத்து 21 வாங்கினால் உங்கள் கணக்கில் ஏறுவது 17. ஃபார்மகாலஜி, பேத்தாலஜி கதையும் இதேதான்: மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்து ஒரே பேப்பர். அந்த 75-ல் ஃபார்மகாலஜி 38, பேத்தாலஜி 25, ஜெனடிக்ஸ் 12. ஜெனடிக்ஸ் 12-தானே என்று மொத்தமாக விடுவது சரியான திட்டம் இல்லை. சிறிய பாடம், படித்தால் முழுசாகக் கிடைக்கும்.

பாஸ் மார்க் தியரி, பிராக்டிக்கல் தனித்தனியாக 50 சதவீதம். ஆங்கிலத்துக்கும் எலக்டிவுக்கும் (விருப்பப் பாடம்) மட்டும் 40.

படி 4: அரியர் எங்கே வழியை மறிக்கும்

அரியர் இருந்தாலும் அடுத்த செமஸ்டர் வகுப்பில் உட்காரலாம். ஆனால் ஐந்தாவது செமஸ்டர் தேர்வுக்கு முன் அதுவரையிலான எல்லாமே முடிந்திருக்க வேண்டும். ஏழாவதுக்கு முன்பும், கடைசித் தேர்வுக்கு முன்பும் அப்படியே. ஆகவே இரண்டாம் செமஸ்டர் அரியரை நான்காவதோடு சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். அதில் தவறினால் ஐந்தாவது தேர்வே நின்றுவிடும். மொத்தப் படிப்பையும் முடிக்க உச்ச வரம்பு 8 வருடம்.

படி 5: லாக் புக்

வார்டில் செய்த ஒவ்வொரு செய்முறையும் இதில் ஏற வேண்டும்: பார்த்ததா, உதவியதா, தனியாகச் செய்ததா என்று. ஒருமுறை செய்துவிட்டால் கையெழுத்து என்பதல்ல முறை. தனியாகச் செய்யும் திறமை வந்துவிட்டது என்று ஆசிரியர் கருதினால்தான் கையெழுத்து. ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) போடுவதை ஐந்து முறை பக்கத்தில் நின்று பார்த்தாலும் அது ‘பார்த்தது’ கணக்குதான்.

அன்றைய பதிவை அன்றே எழுதி, போஸ்டிங் முடிவதற்குள் கையெழுத்து வாங்குவது மட்டுமே வேலை செய்யும் முறை. செமஸ்டர் முடிந்து மொத்தமாக நீட்டினால், உங்களோடு வார்டில் இருந்த கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் அப்போது வேலையில் இல்லாமல் போயிருக்கலாம். வேறொருவர் தான் பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போடத் தயங்குவதும் நியாயம்தானே.

பேனா விஷயத்தில் பிடிவாதமாகச் சொல்கிறோம்: கருப்பு பால் பாயின்ட். ஜெல் பேனா வேண்டாம். வார்டில் கை கழுவிய ஈரக்கையோடுதான் புத்தகத்தைத் தொடுவீர்கள்; ஜெல் மை அப்படியே இழுவிவிடும். ஒயிட்னரும் வேண்டாம். தவறை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். நோயாளியின் பெயர் எழுதக்கூடாது என்பது சொல்லாமலே தெரிந்திருக்கும். கையெழுத்தான பக்கங்களை மாதம் ஒருமுறை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவில் தேதி படிக்க முடியாது.

படி 6: எலக்டிவும் மாட்யூல்களும்

எலக்டிவ் மூன்று, ஒவ்வொன்றும் 1 கிரெடிட், 20 மணி. மூன்றாவது-நான்காவது, ஐந்தாவது-ஆறாவது, ஏழாவது-எட்டாவது என்று ஜோடிக்கு ஒன்று. முதல் ஜோடியிலேயே டயாபெட்டிஸ் கேர் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். வார்டில் மறுநாளே பயன்படும். இவை தவிர ஃபர்ஸ்ட் எய்ட், ஹெல்த் அசெஸ்மென்ட், பேலியேட்டிவ் கேர், குழந்தைகள் நோய்ப் பராமரிப்புக்கான ஐ.எம்.என்.சி.ஐ. போன்ற கட்டாய மாட்யூல்கள் பாடங்களுக்கு உள்ளேயே வரும். சான்றிதழ் கொடுத்தால் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.

படி 7: எட்டாவது செமஸ்டர்

இன்டர்ன்ஷிப் 22 வாரம், வாரம் 48 மணி, மொத்தம் 1056. கம்யூனிட்டி 4 வாரம், அடல்ட் ஹெல்த் 6, குழந்தைகள் 4, மனநலம் 4, மகப்பேறு 4. முடிவில் திறன் மதிப்பீடு. ஏற்கெனவே 40 மணிக்குப் பழகிய உடம்புக்கு அந்தக் கூடுதல் 8 மணி முதல் இரண்டு வாரம் கனமாகத்தான் இருக்கும். பழைய கிளினிக்கல் கடனை இதற்குள் நுழைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்; வாரத்தில் இடமே இல்லை.

ஆராய்ச்சி ப்ராஜெக்ட் குழுவாகச் செய்தால் தரவு சேகரிப்பை இன்டர்ன்ஷிப் தொடங்கும் முன் முடியுங்கள். நெறிமுறைக் குழு அனுமதிக்குத்தான் அதிக நாள் போகும், கேள்வித்தாள் தயாரிப்புக்கு அல்ல.

படி 8: பதிவு

பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு நர்ஸாக வேலை செய்ய முடியாது. மாநிலக் கவுன்சிலில், தமிழ்நாட்டில் என்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில், நர்ஸ் என்றும் மிட்வைஃப் என்றும் பதிவு செய்ய வேண்டும். அதோடு தேசிய அளவிலான பதிவேட்டில் என்.யு.ஐ.டி. என்ற தனி எண்; அதற்கு ஆதார் வேண்டும்.

இங்கேதான் இனிஷியல் வம்பு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். கவிதா’, ஆதாரில் ‘கவிதா சுப்பிரமணியன்’, பல்கலை மார்க் ஷீட்டில் ‘கவிதா எஸ்’. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றதையெல்லாம் அதற்கு ஏற்றபடி மாற்றுங்கள். முதலில் ஆதார், பிறகு பல்கலைப் பதிவு. இதை முதல் வருடத்திலேயே செய்தால் ஆதார் திருத்தத்தோடு முடியும். எட்டு மார்க் ஷீட்டும் அச்சாகி வந்த பிறகு என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம்.

பின்சேர்ப்பு: வெளிநாடு போகும் எண்ணம் இருப்பவர்கள் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கும்போது பாடவாரியாகத் தியரி மணியும் கிளினிக்கல் மணியும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மொத்த மணி மட்டும் இருந்தால் பல நாடுகளில் திருப்பி அனுப்புவார்கள். படி 1-ல் போட்ட கணக்கை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள். டிரான்ஸ்கிரிப்டில் இருக்கும் எண்ணோடு அங்கேயே ஒப்பிட்டுவிடலாம்.