குழந்தை வளர்கிறதா? முதல் வருடத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஜனவரி மாதம் டெல்லி மயூர் விஹாரில் காலை பத்து மணிக்குக்கூட எதிர் பில்டிங் சரியாகத் தெரியாது. அப்படி ஒரு காலையில்தான் என் மகளுக்குப் பதினாலாவது வாரத் தடுப்பூசி. உள்ளே தெர்மல், மேலே இரண்டு ஸ்வெட்டர், கம்பளி பேண்ட், குல்லா, சாக்ஸ், நனைந்த டயப்பர் எல்லாவற்றோடும் எடை மெஷினில் படுக்கவைத்தார்கள். 6.4 கிலோ. அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். மார்ச் கடைசியில் ஆறு மாதம் முடிந்து போனபோது நல்ல வெயில். மெல்லிசாக ஒரு காட்டன் ஜபலா மட்டும்தான். 6.9 கிலோ. மூன்று மாதத்தில் அரை கிலோதான் ஏறியிருக்கிறாள் என்று ஆனது. திருநெல்வேலியிலிருந்து வீடியோ காலில் என் மாமியார், "பிள்ளைக்குப் பால் பத்தலையோம்மா? பவுடர் பால் ஆரம்பிச்சிரலாமா?" என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அன்று ராத்திரி தூக்கமே இல்லை. மறுநாள் ஏதோ தோன்றி, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த அதே குளிர்காலத் துணிகளை எடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தேன். ஈர டயப்பரையும் சேர்த்தால் 650 கிராம். அப்படியானால் ஜனவரியில் அவளுடைய எடை 5.75 கிலோதான். மூன்று மாதத்தில் 1.15 கிலோ ஏறியிருக்கிறாள். அந்த வயதுக்கு அது நல்ல வளர்ச்சி.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். குழந்தையைத் துணி இல்லாமல், டயப்பரும் இல்லாமல் நிறுக்கச் சொல்லுங்கள். குளிர் தாங்காது என்றால் மெல்லிய துணி ஒன்றோடு நிறுத்து, அந்தத் துணியின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை ஒவ்வொரு முறையும் ஒரே மெஷின். உயரத்தையும் டேப்பை முதுகோரமாக வைத்து அளப்பதில் பலன் இல்லை. குழந்தையைப் பலகையில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை நீட்டிப் பாதத்தை நேராக வைத்து அளக்க வேண்டும். தலைச் சுற்றளவைப் பல இடங்களில் விட்டேவிடுகிறார்கள். கேட்டு வாங்குங்கள். பிறக்கும்போது 33 முதல் 35 சென்டிமீட்டர் இருக்கும் தலை ஒரு வயதுக்குள் சுமார் 45 ஆகிவிடும். மூளை வளர்வதை வெளியிலிருந்து காட்டும் அளவு அது.

இனி, அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பது. பக்கத்து பிளாக் குழந்தை ஆறு மாதத்தில் எட்டரை கிலோ, நம் குழந்தை ஏழு கிலோ என்று ஒப்பிடுகிறோம். ஒரு நாள் எடை தனியாக எதையும் சொல்லாது. தாய்-சேய் நல அட்டையில் வளர்ச்சிக் கோடுகள் அச்சிட்டிருக்கிறார்கள். அதில் மாதாமாதம் ஒரு புள்ளி வைத்து இணைத்துப் பாருங்கள். பச்சை நிறப் பகுதிக்குள் கொஞ்சம் கீழாகவே போகும் குழந்தையும், அதே பாதையைவிட்டு விலகாமல் ஏறுகிறது என்றால் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. குழந்தையின் கோடு ஏறாமல் நின்றாலோ, கீழே இறங்கினாலோ, பச்சைப் பகுதிக்குக் கீழே போனாலோதான் கவலை.

இந்தக் கோடுகள் வெளிநாட்டுக் குழந்தைகளுக்கானவை, நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று சொல்பவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட இந்த அளவுகளுக்காக 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில் சுமார் 8,400 குழந்தைகளை அளந்தார்கள். இந்தியாவில் அளந்தது இதே டெல்லியில், தெற்கு டெல்லிக் குழந்தைகளை. அம்மா பால் குடித்து, நல்ல சூழலில் வளர்ந்தால் முதல் சில வருடங்களில் ஓஸ்லோ குழந்தையும் டெல்லிக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள் என்று அதில் தெரிந்தது.

அந்தக் கோடு போகப் போக மெதுவாகத்தான் ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். பிறந்த சில நாட்களில் குழந்தையின் எடை கொஞ்சம் குறைந்து, பத்துப் பதினாலு நாளில் பழைய எடைக்கு வரும். அப்புறம் முதல் மூன்று மாதம் தினம் 25, 30 கிராம் ஏறும். அடுத்த மூன்று மாதம் 15, 20 கிராம். ஆறு மாதத்துக்கு மேல் மாதம் 300 கிராம் ஏறினாலே போதும். ஒன்பது மாதம் தாண்டினால் அதைவிடவும் குறையும். பிறந்த எடை நாலைந்து மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு என்பதே பொதுக்கணக்கு. இது தெரியாமல்தான் நாலாவது மாதத்தில் பல வீடுகளில் பவுடர் பால் டப்பா வந்து உட்கார்கிறது. குழந்தை புட்டிக்குப் பழகி மார்பில் குடிப்பது குறையும், குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும், கடைசியில் உண்மையாகவே பால் பத்தாமல் போகும். நாளுக்கு ஆறு தடவையாவது நன்றாகச் சிறுநீர் கழித்து, கோட்டை ஒட்டி எடை ஏறினால் பால் போதுகிறது. மே மாத டெல்லி வெயிலிலும் ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் வேண்டாம்; தாய்ப்பாலே போதும்.

ஆறு மாதம் முடிந்ததும் தவறு எதிர்த்திசையில் போகிறது. பருப்பை வேகவைத்து மேலே தெளிந்த தண்ணீரை ஊட்டுகிறோம். இங்கே அக்கம்பக்கத்திலும் 'தால் கா பானி'தான் முதல் உணவு. வயிறு நிரம்பும், சத்து சேராது. குழந்தையின் வயிறு சின்னது, அதில் போகும் ஒவ்வொரு ஸ்பூனும் கெட்டியாக இருக்க வேண்டும். ஸ்பூனைச் சாய்த்தால் சட்டென்று வழிந்து ஓடாத பதம். பருப்புச் சாதத்தை நெய் விட்டு மசியுங்கள். கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், சாப்பிடும் வீடாக இருந்தால் முட்டை, மீன். ஒரு வயது வரை உப்பும் சர்க்கரையும் தேவையில்லை. பூத்தில் வாங்கும் பசும்பாலை ஒரு வயதுக்கு முன் பிரதான ஆகாரமாக்காதீர்கள். அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு கரையத் தொடங்கும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் நாட்டில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதைப் படித்தபின் என்னால் பருப்புத் தண்ணீரைச் சும்மா விட முடியவில்லை.

குழந்தை உட்கார்ந்தால் உக்காரை, தவழ்ந்தால் தவலடை, பல் முளைத்தால் பல் கொழுக்கட்டை என்று எங்கள் வீட்டில் செய்வோம். எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் அது. ஆனால் உக்காரை கிண்டும் தேதிக்காகக் குழந்தையை அவசரப்படுத்தக் கூடாது. பிடிக்காமல் உட்காருவது கிட்டத்தட்ட 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து 17 மாதம் வரை. சில குழந்தைகள் தவழாமலே எழுந்து நடந்துவிடும்.

அவசரத்தில் வாங்கும் முதல் பொருள் வாக்கர். உட்காரவைத்தால் சக்கரத்தில் ஓடும் அந்த வட்ட வண்டி நடக்கக் கற்றுத்தராது. நுனிக்காலில் உந்தப் பழக்கி, தானாக எழும் முயற்சியைத் தள்ளிப்போடும். மாடிப்படியிலும் சூடான பாத்திரத்தின் பக்கத்திலும் கொண்டுபோய் விடும். கனடாவில் 2004-லேயே அதற்குத் தடை. நம்மூர் மரத்து நடைவண்டியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தானாக எழுந்து நிற்கும் குழந்தை நாம் பக்கத்தில் இருக்கும்போது பிடித்துத் தள்ளிப்போவது அது.

குழந்தைக்கு வேண்டியது தரை. டெல்லிக் குளிரில் மொசைக் தரை சில்லிடும் என்று மூன்று மாதம் கட்டிலிலும் தூளியிலும் மடியிலுமே வைத்திருக்கிறோம். பாயை விரித்து மேலே ரஜாயை (பஞ்சு வைத்த கனமான போர்வை) மடித்துப் போட்டு, முழித்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து குப்புறப் போடுங்கள். கையுறையைக் கழற்றி விடுங்கள். விரல்களுக்கும் வேலை வேண்டும். தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான்.

குறைமாதத்தில் பிறந்திருந்தால், எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதை வயதில் கழித்துப் பாருங்கள். இரண்டு மாதம் முன்பே பிறந்த குழந்தை எட்டு மாதத்தில் செய்வதை ஆறு மாதக் குழந்தையோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

வெயிலில் காட்டினால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்பது ஊரில் ஓரளவு சரியாக இருக்கலாம். புகைமூட்டமான நவம்பரிலும், கண்ணாடி ஜன்னலுக்குள்ளும் அது நடக்காது. பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை தினம் 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரு மில்லிக்கு 400 யூனிட் உள்ளதும் 800 யூனிட் உள்ளதும் கடையில் கிடைக்கும். பாட்டில் மாறினால் அளவும் மாறும் என்பதால் லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள்.

ஒரு வயது வரை நாக்கில் தேன் தடவ வேண்டாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம். உரம் (சுளுக்கு) விழுந்திருக்கிறது என்று துணியில் போட்டு உருட்ட வேண்டாம். மாலிஷுக்கு, அதாவது எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட வருபவர் கடுகெண்ணெய் கேட்டால் தேங்காய் எண்ணெயை எடுத்துக் கொடுங்கள், தோலுக்கு உறுத்தாது.

மூன்று மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, நாலு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை, எப்போதும் ஒரு கையை மட்டுமே நீட்டுகிறது, உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருக்கிறது, நேற்று வரை செய்ததை இன்று செய்யவில்லை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த தடுப்பூசித் தேதிவரை காத்திருக்காதீர்கள். அட்டையை எடுத்துக்கொண்டு அந்த வாரமே குழந்தை டாக்டரிடம் போங்கள்.