பையன் தப்பு செய்தால் நாம் செய்யும் தப்புகள்

போன வருஷம், என் மகன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, கூடப் படிக்கும் பிள்ளை ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அவளுக்குத் தெரியாமல் போட்டோ எடுத்து, அதன் மேல் கேவலமாக ஒரு வரி எழுதி, பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். பள்ளியிலிருந்து போன் வந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. சாயங்காலமே ஒரு பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றேன், நான் மட்டும். அவள் அம்மா பையைக் கையால் தொடவே இல்லை. "நீங்க எதுக்குக்கா வந்திய? செஞ்சவன் எங்க?" என்று கேட்டாள். செய்தவன் வீட்டில் டிவி முன்னால் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான், சுட்டுப் போட்டுவிட்டு வந்ததும் நான்தான்.

நம் பக்கத்தில் இதுதான் வழக்கமாக நடக்கிறது. அம்மா போய் மன்னிப்பு கேட்பாள், அப்பா போய் ஹெட்மாஸ்டரிடம் கெஞ்சுவார், மாமா ஸ்டேஷனில் தெரிந்த ஆளைத் தேடுவார், ஆனால் செய்தவனுக்கு மட்டும் ஒரு சோலியும் இருக்காது. அன்று ராத்திரி அவனை உட்காரவைத்து மூன்றே கேள்வி கேட்டேன்: நீ என்ன செய்தாய், அதனால் அவளுக்கு என்ன ஆனது, இப்போது எதைச் சரி செய்யப் போகிறாய்? "சும்மா வெளாட்டுக்குத்தாம்மா" என்பதைத் தாண்டி வரவே ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் தான் செய்தது தப்பு என்று அதே குழுவில் அவனே எழுதி, எல்லாரையும் அந்தப் படத்தை அழிக்கச் சொன்னான். மறுநாள் அவனையும் அழைத்துப் போனோம். அந்தப் பிள்ளை வெளியே வர விரும்பவில்லை, அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினோம். அவளை வரச்சொல்லி, "சரி விடும்மா, பாவம் படிக்கிற பய" என்று நெருக்கினால் அது அவளுக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.

அப்புறம் அடி. பெல்ட்டை உருவி நாலு போட்டுவிட்டால் கணக்கு தீர்ந்தது என்று அப்பா நினைக்கிறார், பையனும் அப்படியே நினைக்கிறான். முதுகு வலிக்கும்போது அவனுக்கு அவன் வலிதான் தெரியுமே தவிர அந்தப் பிள்ளை ரெண்டு நாள் பள்ளிக்கூடம் வராமல் இருந்தது எங்கே தெரியப்போகிறது? அதே மாதிரி, "நீ உருப்படவே மாட்ட" என்று முத்திரை குத்துவதும் வேண்டாம், உருப்படாதவனிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது என்று அவனுக்கு அது வசதியாகிவிடும்.

"உனக்கும் அக்கா தங்கச்சி இருக்காள்லா?" என்று கேட்கிறோமே, அதையும் நான் விட்டுவிட்டேன். கேட்பவர்கள் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனால் யாரோ ஒருவனின் தங்கச்சி என்பதால்தான் அவளுக்கு மரியாதை என்றால், மரியாதை நம் வீட்டுக்கும் நம் ஆட்களுக்கும் மட்டும் என்று அது சுருங்க எத்தனை நாள் ஆகும்? அந்த "நம்ம ஆட்கள்" எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த மண்ணில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நம் நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனை அவன் பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது, சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. சரி, பள்ளியில் அறுத்துவிடலாம். ஆனால் கோயில் கொடைக்கு வந்த சித்தப்பாவும் மாமாவும் அந்தக் கயிறைக் கட்டிவிடும்போது பக்கத்தில் நின்று பார்த்தது நாம்தானே? கூடப் படிப்பவனைச் சாதி சொல்லிக் கூப்பிட்டதை முதல் நாளே தப்பு என்று சொல்லாமல் "பயலுவ வெளாட்டு" என்று விடுகிற ஒவ்வொரு வீடும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

வண்டி விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், 2019 சட்டத் திருத்தப்படி வண்டி கொடுத்த பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை ஜெயிலும் உண்டு, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சாவியை ஒளித்து வையுங்கள்.

இன்னொன்று, பஸ் ஸ்டாப்பில் பையன்கள் வம்பு செய்தால் பிள்ளையின் டியூஷனை நிறுத்துகிறோம். தப்பு ஒருத்தன் செய்ய, வீட்டில் அடைந்து கிடப்பது இன்னொருத்தியா? வீட்டுக்குள்ளும் அதே கதைதான், தங்கச்சி தட்டைக் கழுவுவாள், அண்ணன் சாப்பிட்ட இடத்திலேயே தட்டை விட்டுவிட்டு எழுந்து போவான். "நீ இதை விட நல்லா நடக்கக் கூடியவன், அதனாலதான் கேக்கேன்" என்று சொல்லி அவனிடம் வேலை வாங்குங்கள், முதலில் முனகுவான், பிறகு செய்வான்.

இதை எல்லாம் அம்மா தலையில் மட்டும் கட்டுவதும் தவறுதான். என் வீட்டுக்காரர் முதலில் "இதுக்குப் போயி இவ்வளவா?" என்றார். பிடிவாதமாக அவரையும் அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கையில் மகனிடம் அவராகவே, "காலேஜ்ல நானும் ஒரு பிள்ளையை இப்படி அழ வச்சிருக்கேன்ல, யாரும் என்னைக் கேக்கல" என்றார். பஸ் வரும் வரைக்கும் ரெண்டு பேரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.